உலையைக் கடைசிக்கு வையுங்கள்: கரையோர வளவில் உலோக வார்ப்புப் பழகுவது பற்றி

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உலோக வேலை பழக ஆசை. வளவில் சின்ன உலை ஒன்று கட்டி அலுமினியம் உருக்கத் தொடங்கி, பிறகு பித்தளை மணி, விளக்கு என்று போய், ஒருநாள் வெள்ளி மோதிரம் வார்க்க வேண்டும். குளிர்பானப் பேணிகள் ஒரு சாக்கு சேர்த்து வைத்திருக்கிறார். காஸ் உலையா, கரி உலையா? கல்லடிக் கடற்கரை மணல் அச்சுக்கு உதவுமா? எதை முதலில் வாங்குவது?

தம்பி, எல்லாரும் உலையில்தான் தொடங்குகிறார்கள். உருக்குவது இந்த வேலையின் எளிய பாதி. கரியும் காற்றும் போதிய அளவு கிடைத்தால் அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அதை எதற்குள் ஊற்றுகிறோம், அந்த அச்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதில்தான் சாமான் நன்றாக வருவதும் பழுதாவதும் இருக்கிறது. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மணலும், உலோகம் உருக்கும் கிண்ணமான மூசையும், பழைய உலோகமும் சும்மா வைத்தாலே ஈரம் குடிக்கும். தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தண்ணீர், கண்மூடித் திறப்பதற்குள் எட்டு லீற்றருக்கு மேல் ஆவியாகிவிடும். அது உருகிய உலோகத்துக்கு அடியில் நடந்தால் மூசையில் இருப்பதெல்லாம் முகத்துக்கு வரும். அவ்வளவு போகாவிட்டாலும் வேறொரு கெடுதி உண்டு. சூடான அலுமினியம் நீராவியிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ள, மீந்த ஐதரசன் உலோகத்துக்குள் கரைந்துவிடும். உருகிய அலுமினியம் கொள்ளும் ஐதரசனில் இருபதில் ஒரு பங்கைத்தான் இறுகிய அலுமினியம் கொள்ளும். மிச்சம் இறுகும்போது குமிழாகி, சாமான் முழுக்க ஊசித்துளை விழும். ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் சில கிழமைகள் எதையும் உருக்க வேண்டாம். எதை வார்த்தாலும் கடைசியில் அறுத்து, அராவி, ஒட்டி, மெருகு போட்டால்தான் அது சாமான். அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர் நல்ல வார்ப்பையும் கெடுத்துவிடுவார். 1 மி.மீ. செப்புத் தகடு கொஞ்சம், தங்கவேலைக்காரர் பிடிக்கும் சின்ன வில்வாள், அதற்கு 2/0 அளவு அலகு ஒரு கட்டு, தட்டை அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, மரச்சுத்தியல், வெண்காரம் இருந்தால் போதும். அலகின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தகட்டின் தடிப்பில் எப்போதும் இரண்டு பல்லாவது பதிய வேண்டும். குறைந்தால் பல் மாட்டி அலகு முறியும்.

செம்பு தட்டத் தட்ட இறுகும். சத்தம் கூர்மையாகி, சுத்தியல் துள்ளத் தொடங்கினால் நிறுத்துங்கள். நிழலான இடத்தில் வைத்து, கருஞ்சிவப்புத் தெரியும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் இளகும். வெயிலில் அந்தக் கருஞ்சிவப்பு கண்ணில் படாது. அதனால்தான் வெளியில் காய்ச்சுகிறவர்கள் மிதமிஞ்சிக் காய்ச்சுகிறார்கள். பித்தளையைச் சிவப்பு அடங்கிய பிறகே தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கீறும். அலுமினியம் நிறமே காட்டாது. சவர்க்காரக் கட்டியால் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் காய்ச்சுங்கள். கோடு கருகிப் பழுப்பானதும் தீயை எடுத்துவிடலாம்.

ஒட்டுவதில் தொடக்கக்காரர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: இடைவெளியைப் பற்றாசு, அதாவது ஒட்டுவதற்கு உருக்கும் உலோகம், நிரப்பும் என்று நம்புவது. நிரப்பாது. இரண்டு விளிம்பும் வெளிச்சம் புகாதபடி பொருந்த வேண்டும், எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும், வெண்காரம் குழைத்துத் தடவியிருக்க வேண்டும். தீயைப் பற்றாசில் காட்டாமல் சாமான் முழுவதையும் சூடாக்குங்கள். பற்றாசு சூடு கூடிய பக்கம் ஓடும். ஒட்டியபின் கறுப்பை எடுக்க, ஒரு லீற்றர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து அதில் போட்டு வைக்கலாம். அதற்குள் இரும்புக் குறடு விடாதீர்கள். கரைந்த செம்பு எல்லாச் சாமானிலும் சிவப்பாகப் படியும்.

இனி முதல் வார்ப்பு. அதற்கு உலையும் வேண்டாம், மூசையும் வேண்டாம். ஈயம் கலக்காத வெள்ளீயப் பற்றவைப்புக் கம்பி இலக்ரோனிக் சாமான் கடைகளில் கிடைக்கும். 230 பாகைக்குக் கிட்டத்தில் உருகிவிடும். அச்சுக்குக் கணவாய் ஓடு. இந்தக் கரையில் அது காசில்லாமல் ஒதுங்கும். மீன் வாடியில் கேட்டாலும் தருவார்கள். கடலில் கிடந்த ஓடு உப்பேறியிருக்கும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, இரண்டொரு தரம் தண்ணீர் மாற்றி, சில கிழமை காயவையுங்கள். காய்ந்த ஓட்டைக் குறுக்கே இரண்டாக அறுத்து, மென்மையான பக்கங்களை மட்டமான பலகையில் விரித்த அரத்தாளில் உரசி, ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி செய்யுங்கள். மரத்தில் செதுக்கிய சின்னப் பதக்கம் ஒன்றைப் பாதி ஆழத்துக்கு ஒரு பக்கத்தில் அழுத்தி, மற்றப் பக்கத்தை மேலே வைத்து நேராக அமுக்கினால் அச்சு பதியும். இரண்டு தீக்குச்சித் துண்டைக் குத்திவைத்தால் மறுபடி சேர்க்கும்போது விலகாது. மேலிருந்து புனல்போல வாய் வெட்டி, பதக்கத்தின் ஓரங்களிலிருந்து மேல்நோக்கி நாலைந்து காற்றுக் கோடு கீறி, இரும்புக் கம்பியால் கட்டினால் அச்சு தயார். மூக்குள்ள எவர்சில்வர் அகப்பையில் வெள்ளீயத்தை உருக்கி, காய்ந்த ஈர்க்கின் நுனியை அதில் தொட்டுப் பாருங்கள். மெல்லப் பழுப்பானால் ஊற்றலாம். உடனே கருகிப் புகைத்தால் சூடு கூடிவிட்டது. அந்த அகப்பை இனிச் சமையலுக்கு ஆகாது.

வலைக்குப் போடும் ஈயக்குண்டு மலிவாகக் கிடைக்கிறதென்று அதை உருக்க வேண்டாம். காரீயத்தின் தூசும் சாம்பலும் கையில், சாப்பாட்டில், தவழும் பிள்ளையின் வாயில் போய்ச் சேரும். பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும்.

இந்த அச்சு பிசிறில்லாமல் வரத் தொடங்கியதும் அலுமினியத்துக்குப் போகலாம். சேர்த்த பேணிகளைப் பழைய சாமான்காரருக்கே கொடுத்துவிடுங்கள். அவை மெல்லியவை, பூச்சுப் பூசியவை. தீயில் பெரும் பங்கு ஒட்சைட்டுக் கசடாகப் போய்விடும். மிஞ்சுவதும் தகடாக உருட்டச் செய்த கலவை; அச்சுக்குள் நன்றாக ஓடாது. ஏற்கெனவே வார்த்துச் செய்த சாமானைத் தேடுங்கள். மோட்டார் சைக்கிள், ஆட்டோ எஞ்சின் கவசம், பிஸ்டன், உடைந்த அலோய் வீல் எல்லாம் சிலிக்கன் கலந்தவை, தண்ணீர்போல ஓடும். படகு எஞ்சின் துண்டுகளும் நல்லவைதான். ஆனால் அவற்றில் பூத்திருக்கும் வெள்ளைத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கம்பித் தூரிகையால் உரசி எடுத்துவிட்டு, உலையின் வாயில் வைத்து நன்றாகச் சூடாக்கிய பிறகே மூசைக்குள் இறக்க வேண்டும். இரும்பு ஆணி, போல்ட் எல்லாம் கழற்றுங்கள். இரும்பு கரைந்தால் வார்ப்பு நொறுங்கும். அளவுக்கு மிஞ்சிக் கனமாக இருக்கும் கைப்பிடி, காபரேற்றர் போன்றவை நாகக் (துத்தநாகக்) கலவை, அவற்றை ஒதுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இலேசாக இருப்பது மக்னீசியமாக இருக்கலாம். கொஞ்சம் அராவி, தூளில் வினாகிரி விட்டுப் பாருங்கள். சடசடவென்று நுரைத்தால் அதை உலைப்பக்கமே கொண்டுவராதீர்கள். மக்னீசியம் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூளும். இப்படி வார்த்த எந்தப் பாத்திரத்திலும் சமைக்கக் கூடாது. பழைய உலோகத்தில் என்ன கலந்திருக்கிறதென்று பார்வையால் கண்டுபிடிக்க வழியில்லை.

உலைக்குக் கரியைத்தான் சொல்வேன். சிரட்டைக்கரி நம் பக்கத்தில் தாராளம், அலுமினியத்துக்கு வேண்டிய சூட்டைவிட அதிகமாகவே தரும். வீட்டுக் காஸ் சிலிண்டரின் றெகுலேற்றர் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. அது உலையை இழுக்காது. அதைத் திருத்தி அழுத்தம் கூட்டப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. 20 லீற்றர் தகரவாளி ஒன்றை எடுத்து, களிமண்ணோடு இடித்த ஓட்டுத்தூளும் கொஞ்சம் உமியும் பிசைந்து உள்ளே 5–6 சென்ரிமீற்றர் தடிப்பில் பூசுங்கள். ஓட்டுத்தூள் வெடிப்பைக் குறைக்கும்; உமி எரிந்துபோய் விடும் வெற்றிடம் சூட்டைத் தாங்கும். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓர் அங்குல இரும்புக் குழாயைச் சற்றுச் சாய்வாக, காற்று சுவரைச் சுற்றிப் போகும்படி விட்டு, சின்ன ஊதியைப் பொருத்துங்கள். பூச்சை நிழலில் இரண்டு கிழமை காயவிட்டு, பிறகு மூன்று நாலு நாள் சின்னச் சின்னத் தீ போடுங்கள். முதல் நாளே முழுத் தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் பூச்சைத் தகடு தகடாக உதிர்த்துவிடும்.

மூசையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். களியும் பென்சிற்கரியும் கலந்து சுட்டதை வாங்குங்கள். இரும்புப் பேணியிலும் உருக்கலாம் என்று சொல்வார்கள். அலுமினியம் இரும்பை மெல்ல மெல்லக் கரைத்து, என்றோ ஒருநாள் தூக்கும்போது அடி கழன்றுவிடும். செம்பு 3 கிலோ கொள்ளும் மூசை அலுமினியம் ஒரு கிலோ அளவு கொள்ளும். தொடக்கத்துக்கு அது போதும். மூசையும் ஈரம் குடிக்கும். முதல் தடவையும், நெடுநாள் சும்மா இருந்த பிறகும், வெறும் மூசையை அரை மணித்தியாலம் இளஞ்சூட்டில் வைத்துப் பிறகு சிவக்கவிட்டே உலோகம் போட வேண்டும். துண்டுகளை இறுக்கி அடைக்கவும் கூடாது. உலோகம் பெருக்கும்போது மூசை பிளக்கும்.

இப்போது மண். கடற்கரை மணல் உதவாது, கல்லடியானாலும் பாசிக்குடாவானாலும் அதே கதைதான். உப்பு ஒரு காரணம். சிப்பித்தூள் இன்னொரு காரணம்: சூடு பட்டால் அது சுண்ணாம்பாகி வாயுவை விடும். ஒரு பிடி மணலில் தேசிக்காய்ப் புளி விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். உள்நாட்டு ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, முதலில் நுளம்பு வலையாலும் பிறகு மா அரிக்கும் அரிதட்டாலும் அரியுங்கள். பிடிப்புக்குப் பெண்டனைட் சிறந்தது. குழாய்க்கிணறு துளைக்கிறவர்கள் பயன்படுத்தும் தூள் அதுதான். 10 கிலோ உலர்ந்த மணலுக்கு 1 கிலோ பெண்டனைட், 350 முதல் 400 மில்லிலீற்றர் தண்ணீர். கிடைக்காவிட்டால் வயற்களியைக் காயவைத்து இடித்து அரித்து 1½ கிலோ போடுங்கள். தண்ணீர் 500 மில்லிலீற்றர் வரை போகும். உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, ஈரச்சாக்கால் மூடி ஓர் இரவு விட்டு, காலையில் மறுபடி அரியுங்கள்.

பதம் பார்க்கக் கைதான் கருவி. பிட்டுக்குக் குழைத்த மாவைப்போலக் கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். அந்தப் பிடியை இரண்டாக ஒடித்தால் விளிம்பு கூராக ஒடிய வேண்டும், விரல்ரேகை அதில் தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் குறைவு. கையில் ஒட்டினால் கூடிவிட்டது. அப்படியான மண்ணில் ஊற்றவே வேண்டாம், பரப்பிக் காற்றாட விடுங்கள். உருக்காமலே இந்த மண்ணில் அச்சு எடுத்து எடுத்து உடைத்துப் பழகுங்கள். இந்தப் பயிற்சிக்குச் செலவே இல்லை, இதைத் தாண்டித்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

முதல் உருவம் தட்டையானதாக இருக்கட்டும். 10 சென்ரிமீற்றர் சதுரம், 8 மி.மீ. தடிப்பு, வார்னிஷ் பூசி வழுவழுப்பாக்கிய மரம். விளிம்புகள் ஓரிரு பாகை உட்சாய்வாக இருந்தால்தான் மண்ணைக் கிழிக்காமல் வெளியே வரும். அலுமினியம் ஆறும்போது நீளத்தில் 1.3 வீதம் அளவு சுருங்கும், 100 மி.மீ. வேண்டுமென்றால் உருவத்தை 101.3 மி.மீ. வெட்டுங்கள். அடியும் மேலுமாக இரண்டு மரச்சட்டம், ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றர் சதுரம், 8 சென்ரிமீற்றர் உயரம், விலகாதபடி முளை வைத்தது. உருவத்தைப் பலகையில் கவிழ்த்து, நுண்ணிய கரித்தூளைத் துணியில் கட்டித் தட்டி, முதலில் இரண்டு விரல் தடிப்புக்கு அரித்த மண்ணை இட்டு, பிறகு மிச்சத்தை நிரப்பி, ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்து இறுக்குங்கள். சட்டத்தைப் புரட்டி, மறுபடி கரித்தூள் தட்டி, மேற்சட்டத்தை வைத்து அதையும் நிரப்புங்கள். ஊற்றுவாய் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்க வேண்டும்: மேலே 25 மி.மீ., அடியில் 15. நேர்க்குழாயாக வைத்தால் உலோகம் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உருவத்துக்கு எதிர்ப்பக்கம், உலோகம் நிரம்பி நிற்கத் தடிப்பான ஒரு குழி, அதாவது எழுவாய், விடுங்கள். சாமான் இறுகிச் சுருங்கும்போது அது தன்னிடமிருந்து உலோகத்தைக் கொடுத்துக் கடைசியில் தான் இறுகும். பிறகு சைக்கிள் கம்பியால் மூன்று நாலு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, உருவத்தைத் தொடாமல் ஒரு சென்ரிமீற்றர் மேலேயே நிறுத்தி, காற்றுத்துளை குத்துங்கள். மேற்சட்டத்தைத் தூக்கி உருவத்தை எடுத்துவிட்டு, ஊற்றுவாயிலிருந்து அந்தக் குழிக்கு வழி வெட்டி, மறுபடி மூடுங்கள். மேற்சட்டத்தின்மேல் பாரம் வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 சதுர சென்ரிமீற்றர் தகட்டுக்குமேல் 8 சென்ரிமீற்றர் உயரம் உலோகம் நின்றால், அது கிட்டத்தட்ட 2 கிலோ விசையோடு மேற்சட்டத்தைத் தூக்கும். இரண்டு செங்கல் போதும்.

ஊற்றுகிற இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். கரிப்புகையில் உள்ள நச்சுவாயு மூடிய கொட்டிலில் ஆளைக் கொல்லும். சீமெந்துத் தரை ஆகாது. உலோகம் சிந்தினால் அதற்குள் இருக்கும் ஈரம் வெடித்துச் சில்லுகளை எறியும். உலர்ந்த மணலை நாலு விரல் தடிப்புக்குப் பரப்பி அதன்மேல் அச்சை வையுங்கள். பருத்தி உடுப்பு, காற்சட்டைக்குள் மறையும் தோல் சப்பாத்து, முகக்கண்ணாடி, தோல் கையுறை. றப்பர்ச் செருப்போடும் நைலோன் சாரத்தோடும் கிட்டவே நிற்கக் கூடாது. கசடு எடுக்கும் கரண்டியையும் குறட்டின் நுனியையும் முன்னரே சூடாக்குங்கள். அவற்றில் படிந்த பனியீரமும் தெறிக்க வைக்கும். 700 முதல் 730 பாகைக்குள் ஊற்றுவது நல்லது. அலுமினியத்தின் சூட்டைக் கண்ணால் மதிக்க முடியாது, ஆகவே கே வகை வெப்ப இணைக் கருவி ஒன்று வாங்குங்கள். சூடு கூடக் கூட ஐதரசன் குடிப்பும் கூடும். கசடை ஒதுக்கி, வாயோடு வாய் நெருக்கி, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, கால் மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். மூசையில் மிஞ்சியதைச் சூடாக்கிய இரும்புத் தட்டில் கட்டியாக ஊற்றிவிடுங்கள்.

வந்த சாமானை மெருகு போடுவதற்குமுன் ஒன்றை நடுவால் அறுத்துப் பாருங்கள். உடம்பெங்கும் பளபளப்பான ஊசித்துளை இருந்தால் ஐதரசன்: உலோகம் ஈரமாக இருந்தது அல்லது சூடு கூடிவிட்டது. மேற்பரப்புக்குக் கிட்டே வழுவழுப்பான பெரிய குழி என்றால் மண்ணில் தண்ணீர் கூட, அல்லது காற்றுத்துளை போதாது. தடித்த இடத்தில் உட்சுவர் கரடுமுரடாக, கிளை விட்டதுபோல் குழி இருந்தால் அது சுருக்கம், ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுவாயைப் பெரிதாக்கித் தடித்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். இரண்டு ஓட்டம் சந்தித்தும் சேராமல் கோடு தெரிந்தால் உலோகம் குளிர்ந்துபோய் ஊற்றியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சூட்டைக் கூட்டுவது தொடக்கக்காரரின் வழக்கம். நாலில் ஒன்றுக்குத்தான் அது மருந்து, மற்றதைக் கெடுக்கும்.

ஐப்பசி பிற்பாதியிலிருந்து தை வரை, மாரியில், மண்ணச்சு வார்ப்பை நிறுத்திவிட்டு உருவம் செதுக்கவும் செப்பு வேலைக்கும் அந்த நாட்களை வையுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எல்லாம் நன்றாகக் காயும். ஆனால் அந்தக் காற்றில் ஒரு பொறி கிடுகு வேலியில் விழுந்தால் அயல் வீடும் சேர்ந்து போகும். விடியற்புறம், காற்று எழும்புமுன் உருக்கி முடியுங்கள்.

பித்தளைக்கு அவசரப்படாதீர்கள். அது முழுதாக உருகுவது 900 பாகைக்கு மேல், அதற்குள் இருக்கும் நாகம் கொதிப்பது 907இல். வெள்ளைப்புகை வராமல் இருக்காது. அதை முகர்ந்தால் சில மணித்தியாலத்துக்குப் பிறகு குளிரும் காய்ச்சலும் அடிக்கும். பால் குடித்தால் தடுக்கலாம் என்பது வெல்டிங் வேலை செய்கிறவர்களிடம் உள்ள நம்பிக்கை, அதில் உண்மை இல்லை. மணிக்கு வெண்கலமே பொருத்தம். செம்போடு வெள்ளீயம் சேர்த்தால் நாகப்புகை இல்லை, ஓசையும் நன்று. மெழுகு வார்ப்பும் அதிலிருந்து கைக்கு எட்டும். மெழுகு உருவத்தின்மேல் நுண்களி, பிறகு மணலும் உமியும் சேர்த்த களி என்று அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொன்றையும் நிழலில் காயவைத்து, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அச்சைச் சிவக்கச் சுட்டு, அந்தச் சூட்டிலேயே ஊற்றுவது. அச்சில் தண்ணீர் ஒரு துளியும் மிஞ்சாது, அதனால் ஈரக் கரைக்கு ஏற்ற முறை. 100 கிராம் மெழுகுக்கு 900 முதல் 950 கிராம் வெண்கலம் வேண்டும், ஊற்றுவாய்க்குத் தனியாக. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்து, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும், தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வத்தின் சிலை இந்த முறையில் வார்த்தது. 8ஆம் நூற்றாண்டு என்று கருதப்படும் அந்த வெண்கலம் 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளே கோறையில்லாத முழு வார்ப்பு. அவ்வளவு தடிப்பில் சுருக்கக் குழியும் வாயுத்துளையும் எவ்வளவு தொல்லை தரும் என்று ஒரு தகடு வார்த்தவருக்கே புரியும்.

வெள்ளி மோதிரத்துக்குக் கணவாய் ஓட்டுக்கே திரும்பலாம். முதலில் மோதிரத்தை வெள்ளீயத்தில் வார்த்து, அராவித் திருத்தி, அதையே உருவமாகப் புது ஓட்டில் அழுத்துங்கள். ஊற்றுவாயோடு சேர்த்து வெள்ளீயம் 10 கிராம் வந்ததென்றால் வெள்ளி 14 கிராமும், கையிருப்பாக இன்னும் இரண்டு கிராமும் எடுங்கள். 7.5 வீதம் செம்பு கலந்த வெள்ளி ஏறத்தாழ 890 பாகையில் முழுதாக உருகும். சுத்த வெள்ளிக்கு 962 வேண்டும். மூசைக்கிண்ணத்தில் முதலில் வெண்காரத்தை உருக்கிப் பளபளக்கப் பூசவிட்டு, பிறகு வெள்ளியை இடுங்கள். உருகிய வெள்ளி காற்றிலிருந்து ஒட்சிசனைக் குடித்து, இறுகும்போது துப்பும். ஆகவே கரித்துண்டு ஒன்றை மேலே மிதக்கவிட்டு, உருண்டு ஓடத் தொடங்கியதும் தாமதிக்காமல் ஊற்ற வேண்டும். ஓடு கருகி நாறும், ஒரு வார்ப்போடு முடிந்துவிடும். சிவப்பு அடங்கியபின் தண்ணீரில் போட்டு எடுக்கலாம். வெள்ளீயத்துக்குப் பிடித்த அரத்தை வெள்ளிக்குப் பிடிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் தூள் அடுத்த சூட்டில் வெள்ளியைக் குழிகுழியாகத் தின்றுவிடும்.